வெட்கம் அறியாத விரல்

கண்ணை மூடிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தாள் அவள்... இடது கை தலையணை மேல் இருந்தது. மோதிர விரல் நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் ஒட்டியிருந்தது. அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று பக்கத்து மேசையிலிருந்த சின்னத் திரைக்குப் போயிற்று. சன்னலுக்கு வெளியே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படி அசையாமல் கிடந்தால் போதும், காலை வேலை முடிந்தது.

அப்போதுதான் யாரோ வந்து அந்த விரலைப் பிடித்தார்கள்.

பிடித்தது மட்டுமில்லை... நகத்தை அழுத்தி, விட்டு, குனிந்து உற்றும் பார்த்தார்கள்.

“ம்... நிறம் நல்லாத் திரும்பி வருது. தழும்பே தெரியலையே! யாரு பண்ணின ஆபரேஷன் இது?”

அவள் கண்ணைத் திறந்தாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்... மழையில் நனைந்த இமைகள். அவன் முடியிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. அந்தக் கண்களில் இருந்தது அக்கறைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அக்கறை அவள் மேல் இல்லை, அவள் நகத்தின் மேல்!

“யாரும் பண்ணலை. பிறக்கும்போதே ஒட்டித்தான் இருந்துச்சு.”

“என்னது?”

“என் விரல். இது வெட்டுப்படவும் இல்லை, யாரும் ஒட்டவும் இல்லை. கொஞ்சம் விடுறீங்களா?”

அவன் சூடு பட்டவன்போல விரலை விட்டான். “அப்ப... கை வார்டுல, கட்டில்ல படுத்துக்கிட்டு என்ன பண்றீங்க?”

“மெஷினைச் சரிபார்க்கிறேன். இவ்வளவு நேரம் பொம்மை மாதிரி கிடந்தேன். நீங்க வந்து ஒரே அழுத்து... மொத்தமும் போச்சு. இனிமே முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

திரையில் அதுவரை நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தது. மருந்துத் தட்டோடு வந்த பெரிய சிஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டைக் கீழே வைத்தாள்.

“டாக்டர்... இவங்க நோயாளி இல்லை. கீழ்த்தளத்து லேப்புல இன்ஜினியர். நாங்க பொத்தான் மேடம்னு கூப்பிடுவோம். மேடம்... இவர்தான் புதுசா வந்திருக்கிற கை டாக்டர். அறுந்த விரலை ஒட்டுறதுல கெட்டிக்காரராம்.”

கை டாக்டரின் காது மடல் சிவந்தது. “ஸாரிங்க. விரலைப் பார்த்தா நகத்தைத்தான் முதல்ல பார்ப்பேன். முகத்தை அப்புறம்தான்... பழகிப்போச்சு.”

‘அப்புறமாவது பார்த்தாரே...’ என்று அவள் மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவள் அதட்டி உட்கார வைத்தாள்.

“சரி, இந்தப் பொத்தான் என்னதான் பண்ணும்?” என்றான் அவன், போகாமல்.

யாராவது இதைக் கேட்டுவிட்டால் அவளுக்குக் கோபமெல்லாம் பறந்துவிடும். அவளுடைய பலவீனம் அது.

“சூடான டம்ளரைத் தேங்கின தண்ணியில வச்சா மெதுவா ஆறும். திறந்துவிட்ட குழாய்க்குக் கீழே பிடிச்சா சட்டுன்னு ஆறிடும், இல்லையா? அதேதான். பொத்தான் தோலை விட ஒண்ணு ரெண்டு டிகிரி கூடச் சூடா இருக்கும். அடியில ரத்தம் ஓடினா அந்தச் சூட்டை அள்ளிக்கிட்டுப் போகும். சூடு குறையாம வச்சுக்க எவ்வளவு கரண்ட் கொடுக்க வேண்டியிருக்குன்னு பார்த்தா, எவ்வளவு ரத்தம் ஓடுதுன்னு தெரிஞ்சிடும். ஒட்டின விரல்ல ரத்தம் அடைச்சுக்கிட்டா கோடு விழும். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே விழும்.”

“இதுக்கு இவ்வளவு பாடா? என் விரலால ஒரு அழுத்து அழுத்தினா நகமே சொல்லிடுமே.”

“உங்க விரல் நோயாளி பக்கத்துலயே ராத்திரி பகலா உட்கார்ந்திருக்குமா டாக்டர்?”

பெரிய சிஸ்டர் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. அவனும் முகக்கவசத்துக்குள் சிரித்தான் போலிருக்கிறது... கண்ணோரம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை அவள் பார்த்திருக்க வேண்டாம். பார்த்துவிட்டாள், அன்றைக்கே அவளுடைய நிம்மதி போயிற்று.

*

எந்த நோயாளிக்கும் பொத்தானை ஒட்டுவதற்கு முன்னால் தன் விரலில் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். வார்டுக்கு வந்து, காலிக் கட்டிலில் சாய்ந்து, அந்த அறையின் குளிரிலேயே விரல் ஊறிய பிறகு அளக்க வேண்டும். அவள் விரலில் கோடு நேராக நின்றால் பொத்தான் நல்லது. ஆடினால் கோளாறு, அன்றைக்கு யாருக்கும் ஒட்டக் கூடாது. ஒரு வருஷமாக அந்தக் கோடு தண்டவாளம் மாதிரி ஓடியது.

கை டாக்டர் வந்த மறுநாளிலிருந்து ஆடத் தொடங்கியது.

முதல் நாள் ஒயர்தான் காரணம் என்று ஒயரை மாற்றினாள். மறுநாள் பொத்தானையே மாற்றினாள். அதற்கடுத்த நாள் ஏசியின் காற்று நேராகக் கையில் படுகிறது என்று கட்டிலை இழுத்துப் போட்டு, சன்னலுக்குத் திரை கட்டி, வார்டையே இரண்டு பண்ணினாள். ஊஹூம்... கோடு கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு, கை டாக்டர் காலையில் நோயாளிகளைப் பார்க்க வருகிற நேரமாகப் பார்த்து, பொத்தென்று விழும். கீழே லேப்புக்குக் கொண்டுபோய் அதே பொத்தானை ஒட்டினால் சமர்த்தாக ஓடும்!

மெஷினில் எங்கே பிசகு என்று தேடத் தெரிந்த மகாராணிக்கு வேறு எங்கும் தேடத் தோன்றவில்லை. படித்த பெண், பாவம்.

அவனோ தினமும் வந்து நின்றான். வார்டில் அந்தக் கடைசிக் கட்டில் பக்கம் அவனுக்கு நோயாளியே கிடையாது. இருந்தும் வந்து நின்றான்.

“உங்க பொத்தான் இன்னைக்கு என்ன சொல்லுது மேடம்?”

“நல்லாத்தான் இருக்கு.”

“கோடு கீழே கிடக்குதே... ரத்தமே இல்லைன்னு காட்டுது. கொஞ்சம் டீ குடிக்கிறீங்களா? ஆளைப் பார்த்தா ரத்தம் இருக்கிற மாதிரிதான் தெரியுது.”

“டாக்டர், உங்க கட்டைவிரல் உங்களைத் தேடுது. போய் யாரோட நகத்தையாவது அழுத்துங்க.”

“அழுத்தலாம்தான்... இங்க அழுத்தினா திட்டுறீங்களே!”

போய்விடுவான். அவள் வேலைக்குத் திரும்புவாள். ஆனால் ஒரே இடத்தில் உட்கார முடியாது. ஒயர் ஒட்டுகிற சால்டரிங் கம்பியை எடுப்பாள், வைப்பாள். படிக்கட்டில் இறங்கிப் போனவள் எதற்குப் போனோம் என்று தெரியாமல் ஏறி வருவாள். வீட்டிலும் இதே கதைதான். அவள் குடியிருந்தது அக்காவோடு. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தங்கை கூடத்துக்கும் சமையலறைக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பதை, பரீட்சைத்தாள் திருத்தியபடியே கவனித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி ஆச்சு உனக்கு?”

“மெஷின்ல கோளாறுக்கா. கண்டுபிடிக்க முடியலை.”

“மெஷின்லயா?” என்றாள் அக்கா.

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்லை. நட, நட.”

இருப்புக்கொள்ளாததற்கு உண்மையான காரணமும் ஒன்று இருந்தது. வருகிற சனிக்கிழமை தலைமை டாக்டர் கூட்டம் போட்டிருந்தார். பொத்தான் எல்லாக் கட்டிலுக்கும் வருவதா, இல்லை அலமாரிக்குப் போவதா என்று அன்றைக்கு முடிவு. இதற்காகத் தூக்கத்தைத் தொலைத்து உழைத்தவள் அவள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடியும் கோளாறு கிடைக்காமல் அந்தச் சனிக்கிழமை நெருங்கி வந்தது.

*

புதன்கிழமை ஒரு தச்சரைக் கொண்டுவந்தார்கள். ரம்பத்தில் வலது கட்டைவிரல் போய்விட்டது. கை டாக்டர் பகல் முழுக்க நின்று அதை ஒட்டினான். நூலைவிட மெல்லிய ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகத் தைத்து, விரல் சிவந்ததும் அவன் வெளியே வந்தபோது, நடைவழியில் காத்திருந்த தச்சரின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அந்த விரல் இல்லைன்னா உளி பிடிக்க முடியாதுங்க... எங்க பொழப்பே அதுதாங்க...”

“பிழைச்சுக்கும்மா. ரெண்டு மூணு நாள் ஜாக்கிரதையாப் பார்த்துக்கணும்” என்றான். குரல் கம்மியிருந்தது. தூணோரம் நின்ற அவள் அதைக் கேட்டாள். கேலி பேசுகிற ஆளுக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறதா என்று அவளுக்கு என்னவோ செய்தது.

“உங்க பொத்தானையும் ஒட்டிக்குங்க மேடம்” என்றான் அவளிடம். “ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்.”

தன் விரலில் அன்று காலையும் கோடு விழுந்திருந்ததை அவள் சொல்லவில்லை. சட்டப்படி ஒட்டியிருக்கக் கூடாது. அவன் கேட்டானே... ஒட்டிவிட்டாள்.

மறுநாள் பிற்பகல். மழை விடாமல் பெய்தது. தச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். கோடு முதலில் லேசாகச் சரிந்தது, பிறகு இன்னும் சரிந்தது. கூப்பிடலாமா? அன்று காலை அவள் விரலிலும் இதே போல விழுந்ததே, இதுவும் அந்தக் கோளாறுதானோ? வெளிநோயாளிகள் நடுவிலிருந்து அவனைக் கூப்பிட்டு, ஒன்றுமில்லை என்று ஆனால்... அந்தக் கண்ணோரச் சுருக்கத்தை எப்படி எதிர்கொள்வது? உட்கார்ந்தாள், எழுந்தாள். கடைசியில் கூப்பிட்டே விட்டாள்.

அவன் ஓடிவந்தான். நகத்தை அழுத்தினான், விட்டான்.

“சிவப்பாத்தானே இருக்கு. அழுத்தினா டக்குன்னு திரும்புது. எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலையே... உங்களுக்கு என்ன தோணுது?”

அவன் நிஜமாகவே கேட்டான். கேலி இல்லை. அவள்தான் தடுமாறினாள்.

“இல்லை டாக்டர்... காலையில என் விரல்லயும் விழுந்துச்சு. மெஷின் கோளாறாத்தான் இருக்கும்.”

“அப்ப கழட்டிடுங்க. பாவம், அவர் நிம்மதியாத் தூங்கட்டும்.”

கழற்றினாள்.

மாலையில் பெரிய சிஸ்டர் காயத்துக் கட்டுத்துணியை மாற்றப் போனபோது விரல் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. ரத்தம் போகிறது, திரும்பி வர வழியில்லை... திரும்புகிற குழாயில் அடைப்பு. தச்சரை அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவருடைய மனைவி சத்தமே இல்லாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இவள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடைப்பை எடுத்தாகிவிட்டது. இனி விரலின் அதிர்ஷ்டம் என்றார்கள். கை டாக்டர் வெளியே வந்து நேராக அவளிடம் வந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“பொத்தான் சரியாத்தான் சொல்லியிருக்கு. நீங்க ஏன் கோளாறுன்னு சொன்னீங்க?”

“நான்...”

“உங்களுக்கே நம்பிக்கை இல்லாததை இனிமே என் நோயாளி மேல ஒட்டாதீங்க.”

பட்டென்று திரும்பிப் போய்விட்டான். அவளுக்குக் கண்ணீர் முட்டியது. வந்த ரோஷத்தில் அதையும் விழுங்கினாள். போகட்டும்! விரல் சரியாக இருக்கிறது என்று நகத்தைப் பிடித்துச் சொன்னது யாராம்? குடையை வார்டிலேயே மறந்துவிட்டு, கொட்டுகிற மழையில் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

*

வெள்ளிக்கிழமை அவள் வார்டுப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் திரையையும் பொத்தானையும் பரப்பி வைத்து, விரலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தச்சரின் விரலில் பொத்தான் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் என் விரலில் மட்டும் ஏன் பொய் சொல்கிறது? கோடு நேராக ஓடியது. எதிரில் அக்கா பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி ஒலித்தது. அவன்தான்.

“தச்சரோட விரல் இப்ப நல்லா இருக்கு... சொல்லணும்னு தோணுச்சு.”

“சரிங்க டாக்டர்.”

“நாளைக்குக் கூட்டத்துல நானும் பேசணுமாம்.”

“பேசுங்க.”

ஏதோ சொல்ல வந்தவன்போல ஒரு மூச்சு கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

“என்னடி இது?” என்றாள் அக்கா, திரையைப் பேனாவால் காட்டி. “போன் வந்ததும் கோடு தொபுக்கடீர்னு விழுந்துடுச்சு?”

அவள் பார்த்தாள். விழுந்து கிடந்தது. சிறிது நேரத்தில் மெல்ல ஏறியது. அக்கா பேனாவை மூடினாள். கணக்கு டீச்சர் அல்லவா?

“தண்ணி வண்டிக்காரர்” என்றாள். கோடு அசையவில்லை. “வீட்டு ஓனர்.” அசையவில்லை. “கை டாக்டர்...”

பொத்!

“அக்கா!”

“எனக்கு இன்ஜினியரிங் தெரியாதும்மா. ஆனா உன் மெஷின்ல கோளாறு இல்லைன்னு மட்டும் தெரியுது.”

அவள் விரலைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. பயந்தாலும், படபடத்தாலும், விரல் நுனியின் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். சுருங்கச் சொல்வது நரம்பு. இது அவளுக்குத் தெரியாததா? பாடமாகப் படித்து, பரீட்சை எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறாள். தனக்கு வரும் என்றுதான் தெரியவில்லை. அப்படியானால்... ஒட்டிய விரலில்? நரம்பைத் தைத்தாலும் அது வளர்ந்து வேலை செய்ய மாசக்கணக்காகும். அதுவரை அந்த விரலுக்குப் பயமும் எட்டாது, வெட்கமும் எட்டாது. அதில் கோடு விழுந்தால் ரத்தம் நின்றதால்தான் விழும்!

துள்ளி எழுந்தாள். கண்டுபிடித்துவிட்டாள். பொத்தான் பிழைத்தது!

அடுத்த நிமிடமே தொப்பென்று உட்கார்ந்தாள். நாளைக்குக் கூட்டத்தில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். உங்கள் விரலில் ஏன் விழுந்தது? வார்டில் காற்று என்று மழுப்பினால், சரிசெய்துகொண்டு அப்புறம் வாருங்கள் என்பார்கள். அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் இன்னொரு தச்சரின் விரல் போகும். மழுப்பாமல் சொன்னால்... எல்லார் முன்னாலும், அவன் முன்னாலும்... ‘ஐயோ, அவன் என்னை வெறுக்கிறானே!’

அன்று அவள் கூடத்தில் நடந்த நடையில் அக்காவுக்கே தலை சுற்றியது.

*

கூட்ட அறையில் நீள மேசை. தலைமை டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சிரிக்காத மனிதர். இரண்டு பக்கமும் மற்ற டாக்டர்கள். ஓரத்தில் பெரிய சிஸ்டர். கை டாக்டர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், யாரையும் பார்க்காமல் இருந்தான். இன்று முகக்கவசம் இல்லை. இரண்டு நாளாக அவனும் தூங்காதது முகத்திலேயே தெரிந்தது.

“தச்சர் விஷயத்துல பொத்தான் சொன்னது சரி” என்றார் தலைமை டாக்டர். “ஆனா நீங்களே கோளாறுன்னு கழட்டியிருக்கீங்க. உங்க விரல்ல தினமும் விழுந்திருக்கு. காரணம் தெரியாத மெஷினை நான் எப்படி எல்லாக் கட்டிலுக்கும் கொடுக்கிறது?”

“காரணம் தெரியும் சார்” என்றாள். “காட்டுறேன்.”

பொத்தானைத் தன் விரலில் ஒட்டினாள். பெரிய திரையில் கோடு தெரிந்தது... அடிமட்டத்தில் கிடந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

“டாக்டர்... கொஞ்சம் வெளிய போய் நிக்கிறீங்களா?”

கை டாக்டர் நிமிர்ந்தான். “நானா?”

“நீங்கதான்.”

முகம் சுண்டிப்போய் எழுந்து போனான். கதவு மூடியது. கோடு மெதுவாக ஏறி, ஏறி, நேராக நின்றது.

“இப்ப உள்ள வாங்க டாக்டர்!”

கதவு திறந்தது. அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்... பொத்!

தலைமை டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்தார். “கதவைத் திறந்தா காத்து வருது.”

“சிஸ்டர், நீங்க போய்ட்டு வாங்க. டாக்டர், நீங்களும் வெளிய இருங்க” என்றாள் அவள்.

கோடு தேறியது. பெரிய சிஸ்டர் கதவை அகலத் திறந்துகொண்டு போனாள், வந்தாள். இன்னொரு தரமும் போய் வந்தாள். கோடு அசையவே இல்லை. சிஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கை டாக்டர் வந்தான். கோடு விழுந்தது.

“விளையாடுறீங்களா? என்னம்மா காரணம்?” என்றார் தலைமை டாக்டர்.

அவனைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னாள்.

“படபடப்பு வந்தா விரல்ல ரத்தக்குழாய் சுருங்கும் சார். எனக்கு... இவர் வந்தா படபடப்பு வருது. வார்டுக்கு இவர் வந்த நாள்லேருந்து வருது. எனக்கே தெரியாம இருந்துச்சு. இவரை எனக்குப் பிடிச்சிருக்கு சார். கோளாறு மெஷின்ல இல்லை, என்கிட்ட.”

தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஆனா ஒட்டின விரலுக்கு வெட்கம் தெரியாது சார்” என்றாள். “அதுக்கு நரம்பு இன்னும் வளரலை. யார் வந்தாலும் போனாலும் அது கண்டுக்காது. அதுல கோடு விழுந்தா ரத்தம் நின்னிருக்குன்னுதான் அர்த்தம். என் விரலை வச்சு மெஷினைச் சோதிச்சேனே, அதுதான் நான் பண்ணின தப்பு. இனிமே லேப்புல வெதுவெதுப்பான தண்ணி ஓடுற குழாயை வச்சுச் சோதிப்பேன். தயவுசெஞ்சு பொத்தானை அலமாரியில போட்டுடாதீங்க.”

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. விரலில் ஒயர்!

“சார்” என்றான் கை டாக்டர். “நானும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்த நகம் நல்லதுக்குத் திரும்பலை. கொஞ்சம் அதிக வேகமாவே திரும்புச்சு. அது அடைப்போட ஆரம்பம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மேடம் கூப்பிட்டாங்க, நான்தான் தப்பாப் படிச்சேன். அந்தக் கோபத்தை அவங்க மேல காட்டிட்டேன். பொத்தான் வேணும் சார். எல்லாக் கட்டிலுக்கும் வேணும்.”

“ம்” என்றார் தலைமை டாக்டர்.

“அப்புறம்... ஒரே ஒரு விரலைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. இன்னொண்ணும் பார்க்கணும்.”

மேசையைச் சுற்றி வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, தன் கையை நீட்டினான். அவள் தன் விரலிலிருந்து பொத்தானைக் கழற்றி அவன் விரலில் ஒட்டினாள். அவனைத் தொடாமல் ஒட்ட எவ்வளவோ முயன்றாள், அது முடிகிற காரியமா?

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். கோடு விழவில்லை. விழுவதற்கு இடமே இல்லை... ஏற்கெனவே தரையோடு தரையாகக் கிடந்தது.

“இதென்ன, உசிர் இருக்கா இந்த ஆளுக்கு?” என்றார் தலைமை டாக்டர்.

“இவர் தினமும் அந்தக் கடைசிக் கட்டில்கிட்ட வந்து நிக்கும்போது நான் பார்த்திருக்கேன் சார்” என்றாள் பெரிய சிஸ்டர். “அப்பவே இந்த நிலைமைதான்.”

அந்த மனிதருக்கும் சிரிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது. “பொத்தான் இங்கேயே இருக்கட்டும். வார்டுல போடுறோம். நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க... எங்களுக்கு மத்த வேலை இருக்கு.”

*

நடைவழியில் மழைச் சாரல் அடித்தது. அவள் விறுவிறுவென்று நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.

“நில்லுங்க... மேடம், நில்லுங்களேன்!”

“எனக்கு லேப்புல வேலை இருக்கு.”

“எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு என்கிட்ட மட்டும் சொல்லாமப் போறீங்களே. நியாயமா?”

நின்றாள். திரும்பவில்லை. “அதான் கேட்டீங்களே...”

“நீங்க சொன்னது சீஃப்கிட்ட. சரி, நான் சொல்றதை மட்டும் கேட்டுட்டுப் போங்க.” அவன் எதிரில் வந்து நின்றான். “அன்னைக்குத் திட்டினேன் பாருங்க... தியேட்டர்லேருந்து வெளிய வரும்போதே தெரியும், தப்பு என்னோடதுதான்னு. அதை உங்க முன்னாடி ஒத்துக்கிறதுக்கு வாய் வரலை. வேற யாரா இருந்தாலும் ஒத்துக்கிட்டிருப்பேன். உங்க முன்னாடி மட்டும் மட்டமாத் தெரியக் கூடாதுன்னு இருந்துச்சு. ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலை. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.”

அந்தக் கண்கள்... இந்த முறை நகத்தைப் பார்க்கவில்லை. அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தன. பல நாளாக நெஞ்சுக்குள் நடையாய் நடந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அவளுக்கு அப்போதுதான் கால் ஓய்ந்து உட்கார்ந்தது.

அவன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

“ஐயையோ... என்ன இப்படி ஐஸ் மாதிரி இருக்கு?” என்றாள்.

“உங்களோடது மட்டும் என்னவாம்?”

இரண்டும் சூடாவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அதுவரை ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.